கும்மிருட்டில் வேட்டை: சூரிய வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில் மீன்கள் இரை பிடிப்பது எப்படி?

2025 ஜனவரி 26. ஸ்பெயின் நாட்டின் கேனரி தீவுகளில் ஒன்றான டெனெரிஃப். கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில், சுறாக்கள் பற்றிய ஆய்வுக்குச் சென்றிருந்த 'காண்ட்ரிக் டெனெரிஃப்' அமைப்பினரின் கண்ணில் கருப்பாக ஏதோ ஒன்று பட்டது. முதலில் பிளாஸ்டிக் குப்பை என்றுதான் நினைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், வாய் நிறைய ஊசிப் பற்களும் தலையில் ஒரு கொம்பும் உள்ள மீன்!

'கருப்புக் கடல் பிசாசு' என்று அழைக்கப்படும் ஆங்லர் மீன் அது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், இருட்டிலேயே வாழ்ந்து இருட்டிலேயே சாகும் இனம். அது பட்டப்பகலில் கடல் மேற்பரப்பில் நீந்திய வீடியோ உலகம் முழுக்க வைரலானது. "சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை சூரியனைப் பார்க்க வந்திருக்கு" என்று பலரும் உருகி உருகி எழுதினார்கள். சில மணி நேரத்தில் மீன் இறந்துபோனது. உடல் டெனெரிஃபில் உள்ள இயற்கை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

சூரியனைப் பார்க்க வந்ததா என்றால், இல்லை. உடல்நலக் குறைவு, மேல்நோக்கி வந்த நீரோட்டம், வேட்டையாட வந்த மீனிடமிருந்து தப்பியது என்று விஞ்ஞானிகள் சில சாத்தியங்களை முன்வைத்தார்கள். அந்த மீனுக்கு நம்ம உலகம்தான் அந்நியம். அதன் உடலில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் இருட்டுக்காகவே உருவானது.

அது எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆழ்கடல் எங்கே தொடங்குகிறது?

கடலைப் பல மாடிக் கட்டடம் மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால், இந்தக் கட்டடத்தில் மேல் மாடியில் மட்டும்தான் வெளிச்சம்.

* மேற்பரப்பு முதல் 200 மீட்டர் வரை: சூரிய ஒளி நன்றாகக் கிடைக்கும் பகுதி. கடல் தாவர நுண்ணுயிர்கள் வளர்வது இங்கேதான். நாம் சாப்பிடும் மீன்களில் பெரும்பாலானவை இங்கிருந்தும் கரையோரக் கடலிலிருந்தும் வருபவை.
* 200 முதல் 1,000 மீட்டர் வரை: அந்தி நேரம் போன்ற மங்கலான பகுதி. கொஞ்சம் நீல வெளிச்சம் மட்டும் எட்டும். செடி வளர அது போதாது.
* 1,000 மீட்டருக்குக் கீழே: சூரிய ஒளி சுத்தமாகக் கிடையாது. பகல், இரவு வித்தியாசமும் இல்லை.

உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். அப்படியென்றால், பூமியில் உயிர்கள் வாழும் இடத்தின் பெரும்பகுதி இருட்டுதான். நாம் பார்க்கும் கடல், அதன் மேல் தோல் மட்டுமே.

இருட்டு மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 1,000 மீட்டரில் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 100 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். வெப்பநிலையோ ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது போல 4 டிகிரி செல்சியஸ் அளவில்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை, சாப்பாடு. கீழே எதுவும் விளையாது. மேலே செத்த உயிரினங்களின் துணுக்குகளும் கழிவுகளும் தூள்தூளாக இறங்கும். இதைக் 'கடல் பனி' என்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆக, ஆழத்தில் வாழும் வேட்டை மீனுக்கு அடுத்த வேளை எப்போது என்பதே தெரியாது. இரையைத் தேடி அலைந்தால் இருக்கிற சக்தியும் போய்விடும். இரை தன்னைத் தேடி வர வேண்டும்.

தலையில் தூண்டில், நுனியில் பல்பு

இதற்கு ஆங்லர் மீன் கண்டுபிடித்த வழிதான் தூண்டில். அதன் முதுகுத் துடுப்பின் முதல் முள், கோடிக்கணக்கான ஆண்டு பரிணாமத்தில் முன்னால் நகர்ந்து, நெற்றிக்கு மேல் தூண்டில் கம்பு மாதிரி நீண்டுவிட்டது. நுனியில் ஒரு சிறிய குமிழ். அதிலிருந்து நீலப் பச்சை வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சத்தை உண்டாக்குவது மீன் அல்ல. குமிழுக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். மீன் அவற்றுக்கு இடமும் உணவும் கொடுக்கிறது. அவை வாடகையாக வெளிச்சம் தருகின்றன. இந்த பாக்டீரியாக்கள் தாயிடமிருந்து குஞ்சுக்கு வருவதில்லை, கடல் நீரிலிருந்தே மீனின் குமிழுக்குள் குடியேறுகின்றன என்பது மரபணு ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

வெளிச்சத்தைப் பார்த்து, ஏதோ தின்பண்டம் என்று நினைத்து ஒரு குட்டி மீனோ இறாலோ நெருங்கும். பெரிய வாய் திறக்கும். தண்ணீரோடு சேர்த்து இரை உள்ளே போய்விடும். உள்நோக்கி மடியும் பற்கள் என்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது நடக்காது.

உயிரினங்கள் இப்படி வெளிச்சம் உண்டாக்குவதை 'உயிரொளிர்வு' என்கிறோம். உடலில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் அதிகம் இல்லாத குளிர்ந்த ஒளி வரும். 2019 ஆகஸ்டில் சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக மின்னியது நினைவிருக்கிறதா? அங்கே ஒளிர்ந்தவை மிதவை நுண்ணுயிர்கள். உயிரினம் வேறு, அடிப்படை அதே உயிரொளிர்வுதான்.

ஆழ்கடலில் இது அபூர்வமான விஷயமே இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனம், மேற்பரப்பிலிருந்து 4,000 மீட்டர் ஆழம் வரை எடுத்த வீடியோக்களை அலசி 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் பதிவான உயிரினங்களில் சுமார் 76 சதவீதம் ஒளி உண்டாக்கக்கூடியவை.

லைட் போட்டால் தானும் மாட்டிக்கொள்ளாதா?

நல்ல கேள்வி. தூண்டில் வெளிச்சம் பட்டு மீனின் முகமே தெரிந்துவிட்டால் இரை ஓடிவிடும். பெரிய வேட்டை மீன் பார்த்துவிட்டால் உயிரே போய்விடும்.

இதற்கு ஆழ்கடல் மீன்களின் பதில்: கருப்பு. சாதாரணக் கருப்பு இல்லை, அதீதக் கருப்பு.

2020-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியான ஆய்வில், தன் மீது விழும் ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும் 16 மீன் இனங்கள் அடையாளம் காணப்பட்டன. அதில் ஒரு ஆங்லர் மீன் வெறும் 0.04 சதவீதம். நாம் பயன்படுத்தும் கருப்புக் காகிதம்கூட சுமார் 10 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த மீன்களைப் படம் எடுத்தால் நிழல் உருவம் மாதிரிதான் தெரியும். விவரமே பதிவாகாது. ஆய்வு தொடங்கியதற்கே இந்தத் தலைவலிதான் காரணம்!

ரகசியம் தோலில் இருக்கிறது. நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே மெலனின் துகள்கள், இந்த மீன்களின் தோலில் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு துகள் உறிஞ்சத் தவறிய ஒளி வெளியே தெறிக்காமல், பக்கத்துத் துகளிடம் போய் விழும். அது உறிஞ்சிக்கொள்ளும். இப்படி மாறுவதால், எதிரி ஒருவர் இந்த மீனைக் கண்டுபிடிக்கும் தூரம் 6 மடங்குக்கும் மேல் குறையும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பல மீன்களுக்கு வயிற்றின் உள்பக்கமும் கருப்பு. ஏன்? விழுங்கிய இரை வயிற்றுக்குள் மின்னினால் வெளியே தெரிந்துவிடக்கூடாது அல்லவா!

இன்னொரு ஆச்சரியம், 'டிராகன் மீன்' இனம் ஒன்றின் பற்கள். இவை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக்கூடியவை. பற்களில் உள்ள மிக நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறடிக்காததே காரணம் என்று 2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தாலும் எதிரில் வரும் இரைக்குப் பல் தெரியாது.

மற்றவர்களுக்குத் தெரியாத ரகசிய டார்ச்

தண்ணீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் பெரும்பாலான ஆழ்கடல் மீன்களின் கண்களுக்கு நீலம் மட்டுமே தெரியும். சிவப்பு தெரியாது. ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பாக இருப்பதும் இதனால்தான். மேலே கொண்டுவந்தால் சிவப்பு, கீழே இருக்கும்போது கருப்பு!

இந்த விதியையே உடைத்த கில்லாடி, 'மலாக்கோஸ்டியஸ் நைஜர்' என்ற டிராகன் மீன். கண்ணுக்குக் கீழே உள்ள உறுப்பிலிருந்து சிவப்பு ஒளி வீசும். எதிரே இருக்கும் இரைக்கு அது தெரியவே தெரியாது. தன் மீது டார்ச் அடிக்கப்படுவது தெரியாமல் இரை சும்மா மிதந்துகொண்டிருக்கும்.

சரி, இந்த மீனுக்கு மட்டும் சிவப்பு எப்படித் தெரிகிறது? 1998-ல் வெளியான ஆய்வு சொன்ன பதில் விஞ்ஞானிகளையே அசரவைத்தது. இதன் விழித்திரையில், செடிகளுக்குப் பச்சை நிறம் தரும் குளோரோஃபிலிலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது. அது சிவப்பு ஒளியைப் பிடித்து, கண்ணுக்குப் புரியும்படி செய்கிறது. மீனால் குளோரோஃபில் தயாரிக்க முடியாது. அது உணவு வழியாகவே வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

கண் பெருசா, சிறுசா?

இருட்டில் வாழும் மீனுக்குக் கண் எதற்கு? அது எந்த மாடியில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது.

மங்கலான பகுதியில் கண்கள் பெரிதாக இருக்கும். சிலவற்றுக்கு பைனாகுலர் குழாய் மாதிரி நீண்டிருக்கும். மேலே நீந்தும் இரையின் நிழலைப் பார்க்க இது உதவும். 'பேரல்ஐ' என்ற மீனுக்குத் தலையே கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும், கண்கள் அதற்குள்ளே. அந்தக் கண்களை மேலேயும் முன்னாலும் திருப்ப முடியும் என்பது 2008-ல்தான் உறுதியானது.

கண்ணுக்குள்ளும் மாற்றங்கள் உண்டு. மங்கிய ஒளியில் பார்க்க மனிதனிடம் இருப்பது ஒரே ஒரு ஒளியுணர் புரத மரபணு. 101 மீன் இனங்களின் மரபணுக்களை அலசிய 2019 ஆய்வில், 'சில்வர் ஸ்பைனிஃபின்' என்ற ஆழ்கடல் மீனிடம் அப்படி 38 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது.

1,000 மீட்டரைத் தாண்டினால் கதை மாறுகிறது. சூரிய ஒளியே இல்லாததால் பல மீன்களின் கண்கள் சுருங்கிவிட்டன. அங்கே வேலை செய்வது வேறு புலன்கள். மீன்களின் பக்கவாட்டில் தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உணரும் உறுப்புகள் உண்டு. ஆழ்கடல் மீன்களில் இவை நன்றாக வளர்ந்திருக்கின்றன. 'டிரைபாட் மீன்' இதில் ஒரு படி மேலே. நீண்ட மூன்று துடுப்புகளைக் கால்களாக ஊன்றி, கடல் தரையில் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். முன் துடுப்புகளை ஆன்டெனா மாதிரி விரித்து வைத்திருக்கும். அடித்துவரப்படும் இரை அதில் பட்டால் போதும், நேராக வாய்க்குப் போய்விடும்.

கிடைக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்

அடுத்த வேளை எப்போது என்று தெரியாதவன், கிடைத்ததை விடமாட்டான். தன்னைவிடப் பெரிய இரை வந்தாலும் விழுங்கத் தயாராக இருக்கும் உடல்தான் ஆழ்கடல் வேட்டை மீன்களின் அடையாளம்.

'வைப்பர் மீன்' எனும் பாம்புப்பல் மீனின் பற்கள், வாயை மூடினாலும் உள்ளே அடங்காத அளவு நீளம். 'கல்பர் ஈல்' எனும் விலாங்கின் வாய், பலூன் மாதிரி ஊதிப் பெருக்கும்.

'பிளாக் ஸ்வாலோயர்' என்ற மீனின் வயிறு ரப்பர் மாதிரி விரியும். 2007-ல் கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவு அருகே இந்த இனத்தின் மீன் ஒன்று செத்து மிதந்தது. அதன் நீளம் 19 சென்டிமீட்டர். அதன் வயிற்றில் மடங்கிக் கிடந்த மீனின் நீளம் 86 சென்டிமீட்டர்! பேராசையே எமனாகிவிட்டது. செரிப்பதற்குள் இரை அழுகி, அந்த வாயுவே மீனை மேலே தூக்கிவந்துவிடும். இந்த இனத்தின் பல மாதிரிகள் விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

செலவைக் குறைப்பதும் இன்னொரு வழி. பல ஆழ்கடல் மீன்களுக்குத் தசை தளர்வானது, எலும்பு மெலிதானது. துரத்தி ஓடுவது கிடையாது. அசையாமல் மிதந்து காத்திருக்கும்.

அவ்வளவு அழுத்தத்தில் நசுங்காதா?

நசுங்குவது காற்றுதான். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. பல ஆழ்கடல் மீன்களிடம் காற்றுப்பையே கிடையாது. உடல் முழுக்கத் தண்ணீர்த்தன்மைதான். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம்.

ஆனால், உடலுக்குள் இருக்கும் புரதங்களின் வடிவம் அழுத்தத்தில் குலையும். அதைத் தாங்கிப் பிடிக்க மீன்களிடம் 'டிஎம்ஏஓ' என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆழம் கூடக்கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடும். இது நமக்கும் பழக்கமான பொருள்தான். மீன் செத்த பிறகு இது சிதையும்போது வருவதுதான் நம்ம சந்தையில் மூக்கைப் பொத்தவைக்கும் மீன் கவுச்சி!

இந்தப் பொருளுக்கும் ஒரு எல்லை உண்டு. சுமார் 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே மீன் வாழ முடியாது என்று கணித்திருக்கிறார்கள். இதுவரை மீன் படம்பிடிக்கப்பட்ட அதிகபட்ச ஆழம் 8,336 மீட்டர். 2022-ல் ஜப்பான் அருகே உள்ள இசு-ஓகசவாரா அகழியில் 'ஸ்னெயில் மீன்' ஒன்று கேமராவில் சிக்கியது. பார்க்க வழவழவென்று சாதுவாக இருக்கும். அந்த ஆழத்தில் சிறு உயிரிகளை வேட்டையாடித் தின்னும் மீன் இதுதான்.

இருட்டில் ஜோடி தேடுவது எப்படி?

இரையையே தேட முடியாத இடத்தில் துணையை எங்கே தேடுவது? 1922-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானி பியார்னி செமுண்ட்சன், ஒரு பெரிய பெண் ஆங்லர் மீனின் உடலில் குட்டி மீன்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். குஞ்சுகள் என்று நினைத்தார். 1925-ல் பிரிட்டன் விஞ்ஞானி சார்லஸ் டேட் ரீகன் உண்மையைக் கண்டுபிடித்தார். ஒட்டியிருந்தது குஞ்சு இல்லை, கணவன்!

சில ஆங்லர் இனங்களில் ஆண் மிகச் சிறியது. பெண்ணைக் கண்டுபிடித்ததும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டின் தோலும் ரத்த ஓட்டமும் ஒன்றாகிவிடும். மனைவியின் ரத்தத்திலேயே ஆண் வாழும். வேறு உடல் ஒட்டினால் நோய் எதிர்ப்பு சக்தி சண்டை போடாதா? மனித உறுப்பு மாற்று சிகிச்சையில் இதுதானே பெரிய சிக்கல்! இந்த மீன்களில் அந்த எதிர்ப்பு சக்திக்கான முக்கிய மரபணுக்கள் சில செயலிழந்தோ காணாமலோ போயிருப்பதாக 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியும் கிருமிகளிடமிருந்து எப்படித் தப்பிக்கின்றன என்பது மருத்துவ உலகையும் யோசிக்கவைத்திருக்கிறது.

டெனெரிஃபில் தென்பட்ட இனத்தில் இந்த நிரந்தர ஒட்டல் இல்லை. ஆண் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு பிரிந்துவிடும்.

இவையெல்லாம் ராட்சத மீன்களா?

சினிமாவும் சோஷியல் மீடியாவும் கிளப்பிவிட்ட பயம் அது. வைரல் வீடியோவில் அரக்கன் மாதிரி தெரிந்த மீன், உண்மையில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த இனத்தில் பெண் மீனே அதிகபட்சம் சுமார் 18 சென்டிமீட்டர்தான். ஆண் 3 சென்டிமீட்டர் அளவுதான். க்ளோஸ்-அப்பில் எடுத்தால் எதுவுமே பெரிதாகத்தான் தெரியும். மனிதர்களை இவை தாக்கும் என்பதும் கட்டுக்கதை. நாமும் அவையும் சந்திக்கவே போவதில்லை.

இதனால் நமக்கு என்ன?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. மங்கலான பகுதியில் வாழும் சிறு மீன்கள் தினமும் இரவில் மேலே வந்து இரை தின்றுவிட்டு, விடியும் முன் கீழே இறங்குகின்றன. பூமியில் தினசரி நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். வேட்டை மீன்களில் சிலவும் இவற்றின் பின்னாலேயே ஏறி இறங்கும். இப்படி மேற்பரப்புக் கார்பன் ஆழத்துக்குப் போய்ச் சேர்வதால், பூமி சூடாவது கொஞ்சம் மட்டுப்படுகிறது. சூரை மீன் போன்ற பெரிய மீன்களுக்கும் இந்தச் சிறு மீன்கள்தான் உணவு.

இப்போது உலக நாடுகளின் கவனம் ஆழ்கடல் தரையில் கிடக்கும் கனிம உருண்டைகள் மீது திரும்பியிருக்கிறது. நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீசு ஆகியவை இவற்றில் உள்ளன. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. 2021-ல் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாயில் 'ஆழ்கடல் திட்டத்துக்கு' ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு பகுதியாக, 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி வாகனத்தை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்தான். ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்வதும் அந்தத் திட்டத்தில் அடக்கம்.

கவலை என்னவென்றால், கனிமம் எடுக்கும் இயந்திரம் கிளப்பும் சேறும், கப்பலிலிருந்து திரும்ப விடப்படும் கலங்கல் நீரும் வெகுதூரம் பரவக்கூடும். தெளிந்த இருட்டில் ஒரு துளி வெளிச்சத்தை நம்பி வாழும் மீன்களுக்குக் கலங்கல் என்றால் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி. இரையும் தெரியாது, துணையும் தெரியாது. அறிவியல் தெளிவாகும் வரை சுரங்கம் வேண்டாம் என்று 30-க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், பேட்டரிக்கும் மின்வாகனத்துக்கும் இந்தக் கனிமங்கள் தேவை என்ற வாதமும் வலுவாகவே இருக்கிறது.

சுருக்கமாக

* 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி இல்லை. அங்கே தெரிவது உயிர்கள் உண்டாக்கும் வெளிச்சம் மட்டுமே.
* ஆங்லர் மீனின் தூண்டில் விளக்கை எரியவைப்பது பாக்டீரியாக்கள்.
* அதீதக் கருப்புத் தோல், கண்ணாடிப் பற்கள், சிவப்பு ஒளி ஆகியவை மறைந்திருந்து தாக்க உதவுகின்றன.
* பெரிய வாய், விரியும் வயிறு, குறைந்த அசைவு ஆகியவை பட்டினியைச் சமாளிக்கும் வழிகள்.
* கலங்கல் இல்லாத தண்ணீர்தான் இவற்றின் வாழ்வாதாரம்.

டெனெரிஃப் மீனை அதன் சொந்த இடத்தில், உயிரோடு பார்த்த மனிதர்கள் மிகச் சிலர். அதன் இனத்தை ஆழத்தில் உயிரோடு முதல்முறை படம்பிடித்ததாக அறிவிக்கப்பட்டதே 2014-ல்தான், கலிஃபோர்னியா அருகே 580 மீட்டர் ஆழத்தில். 1864-லேயே பெயர் வைத்த ஒரு மீனை நேரில் பார்க்க 150 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பெயரே வைக்கப்படாத எத்தனையோ உயிர்கள் இன்னும் அந்த இருட்டில் இருக்கின்றன. இயந்திரத்தை இறக்குவதற்கு முன் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே!